ஆளவந்தார்

ஆளவந்தார் (யாமுனாச்சாரியார்) கி.பி. 10-11ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த வைணவ ஆச்சாரியர் ஆவார். இறைத்தொண்டே உயிரின் என்றுமுள்ள இயல்பு என்னும் கருத்துக்குத் தம் நூல்களால் வலுவூட்டியவர்.

வாழ்க்கை

இவர் பிறந்த ஊர் காட்டுமன்னார்கோயில் (வீரநாராயணபுரம்). நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தைத் தொகுத்த நாதமுனிகள் இவருடைய பாட்டனார். ஜெயங்கொண்டத்தை அடுத்த கங்கைகொண்ட சோழபுரப் பகுதியில் நாதமுனிகள் பரமபதம் அடைந்தார் என்பது மரபு.

குருபரம்பரை நூல்களின்படி, ஆளவந்தார் இளம் வயதிலேயே அரசவைப் புலவர் ஆக்கியாழ்வானை வாதில் வென்று பாதி நாட்டைப் பரிசாகப் பெற்றார். தம்மை ஆள வந்தவர் என்ற பொருளில் அரசி இட்ட பெயரே இவருக்கு நிலைத்தது. அரச வாழ்வில் மூழ்கியிருந்த இவரை நெருங்க இயலாத மணக்கால் நம்பி, அரண்மனைச் சமையலுக்கு நாள்தோறும் தூதுவளைக் கீரை அளித்து வந்தார். பின்னர் சில நாட்கள் நிறுத்தினார். கீரை வராத காரணத்தை வினவிய ஆளவந்தார் நம்பியை வரவழைத்தார். அவரிடம் கீதையின் பொருளைக் கேட்டபின் ஆட்சியைத் துறந்து, திருவரங்கத்தில் துறவு பூண்டார்.

கருத்து

ஆன்மா உடல், புலன், மனம் ஆகியவற்றின் வேறானது என ஆத்மசித்தியில் நிறுவினார். இறைவனுக்கு என்றும் அடியவனாக இருக்கும் பேற்றைத் தோத்திர ரத்தினத்தில் வேண்டினார். இம்மரபில் வீடுபேறு தொண்டிலிருந்து பெறும் விடுதலை அன்று. தடையற்ற தொண்டே வீடுபேற்றின் பயன்.

மறைவு

இராமானுசரை அழைத்துவரப் பெரிய நம்பியை அனுப்பினார்; ஆனால் அவர்கள் வந்து சேருமுன் மறைந்தார். மடங்கியிருந்த இவருடைய மூன்று விரல்கள் நிறைவேறாத மூன்று விருப்பங்களைக் குறித்தன என்பர். அவற்றுள் ஒன்றான பிரம்ம சூத்திர உரையை இராமானுசர் ஸ்ரீபாஷ்யமாக இயற்றினார்.