கணக்குப் பாராத கரங்கள்



ஏற்காடு மாரமங்கலம் பகுதியில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள், தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் என்றும், அவர்கள் வெவ்வேறு மலைகளில் பிரிந்து குடியேறினார்கள் என்றும் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். நாமும் ஒருவரைப் புதிதாகச் சந்தித்தால், எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்றுதான் முதலில் விசாரிக்கிறோம். இன்றோ உமிழ்நீரை அனுப்பினால் போதும். யார் நமக்கு எவ்வளவு உறவு என்று எண்ணிக்கையில் சொல்லும் மரபணுச் சோதனை வந்துவிட்டது. அந்த எண்ணிக்கையோடு தொடர்புடைய ஓர் அறிஞரின் வாழ்வை இன்று சிந்திப்போம்.

ஜே.பி.எஸ். ஹால்டேன் 1892-ஆம் ஆண்டு நவம்பர் 5 அன்று இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு நகரில் பிறந்தார். முதல் உலகப்போரில் படைவீரராகப் பணியாற்றினார். பின்னர் இலண்டனில் பேராசிரியரானார். மரபணுச் சோதனை முடிவுகளில் இன்று நாம் காணும் 'சென்டிமார்கன்' என்ற அளவின் பெயரை 1919-இல் முன்மொழிந்தவர் அவரே. கடவுள் நம்பிக்கை இல்லாதவர். ஆயினும் அவரிடம் நாம் கற்றுக்கொள்ள ஒன்று உண்டு.

பெற்றோருக்கும் பிள்ளைக்கும் பொதுவான மரபணுப் பங்கு பாதி. உடன்பிறந்தவரோடு சராசரியாகப் பாதி. தாத்தா பாட்டி, தாய்மாமன், அத்தை ஆகியோரோடு சுமார் 25 விழுக்காடு. அத்தை மகன், மாமன் மகள் என்றால் சுமார் 12.5 விழுக்காடு. ஆகவே 25 என்று வந்தால் அவர் தாத்தாவா, மாமனா என்பதை எண் மட்டும் சொல்லாது. வயதையும் குடும்ப வரலாற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

நம் பக்கத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. அக்காள் மகளைத் தாய்மாமன் மணந்தால், பிறக்கும் குழந்தைக்கு அம்மாவைப் பெற்ற பாட்டியே அப்பாவின் அக்காளும் ஆவார். பாட்டி, அத்தை என இரு வழியிலும் பங்கு சேர்வதால் எண் கூடிவிடும். பல தலைமுறைகள் உறவுக்குள்ளேயே மணமுடித்த ஊர்களில், தூரத்து உறவினரும் நெருங்கியவர்போலத் தோன்றுவார்கள். திருமண ஓலை வாசிக்கும் முன் பங்குத்தந்தை உறவுமுறையை விசாரிப்பதை நாம் அறிவோம். ஹால்டேன் 1957-இல் இந்தியாவுக்கு வந்து கொல்கத்தாவில் பணியாற்றியபோது, இத்தகைய உறவுத் திருமணங்களை ஆராயும்படி இளம் ஆய்வாளர்களை ஊக்குவித்தார்.

அதற்கு முன்பே, 1955-இல் எழுதிய ஒரு கட்டுரையில் அவர் ஒரு கணக்குப் போட்டார். ஆற்றில் தத்தளிக்கும் குழந்தையைக் காக்க உயிரைப் பணயம் வைத்துக் குதிக்கலாமா? சொந்தப் பிள்ளை அல்லது உடன்பிறப்பு என்றால் பங்கு பாதி. ஒன்றுவிட்ட உறவு என்றால் எட்டில் ஒன்று. மரபணுவின் நோக்கில் லாப நட்டம் பார்க்கலாம். ஆனால் அதே இடத்தில் அவர் ஓர் உண்மையையும் ஒத்துக்கொண்டார். மூழ்கக்கூடிய நிலையில் இருந்தவர்களை இருமுறை அவர் தண்ணீரிலிருந்து இழுத்துக் காப்பாற்றியிருக்கிறார். அந்த வேளையில் இப்படிக் கணக்குப் பார்க்க அவருக்கு நேரமே இருக்கவில்லை!

வழியில் அடிபட்டுக் கிடந்தவரைக் கண்ட நல்ல சமாரியரும் அவருடைய ஊரையோ உறவையோ விசாரிக்கவில்லை.

ஹால்டேன் இந்தியக் குடியுரிமை பெற்று, புவனேசுவரத்தில் 1964 டிசம்பர் 1 அன்று புற்றுநோயால் இறந்தார். அவருடைய விருப்பப்படி, உடல் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு வழங்கப்பட்டது. இரத்தப் பங்கு எதுவும் இல்லாத மாணவர்கள் அதிலிருந்து கற்றார்கள்.

சோதனை முடிவு நம் உறவினர் யார் என்று ஓரளவு சொல்லும். நமக்கு அடுத்திருப்பவர் யார் என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். இந்த வாரம், எந்த உறவும் இல்லாத ஒருவருக்கு நம் கரம் நீளட்டும்.