வீணாகும் வெப்பத்தை மீட்ட வில்லியம் சீமென்ஸ்

சீமென்ஸ் என்னும் பெயரை அறியாத மாணவர் இன்று மிகச் சிலரே இருப்பர். மின்பொறிகளின் மீதும் மருத்துவமனைக் கருவிகளின் மீதும் அப்பெயரைக் காண்கின்றோம். அந்நிறுவனத்தை 1847-ஆம் ஆண்டு பெர்லின் நகரில் ஹால்ஸ்கே என்பாருடன் கூடித் தோற்றுவித்தவர் வெர்னர் சீமென்ஸ். நாம் ஈண்டு எழுதப்புகுவது அவரைப் பற்றியன்று. அவர்தம் தம்பியும் இங்கிலாந்தில் குடியேறிப் பெரும்புகழ் எய்தியவருமான சர் வில்லியம் சீமென்ஸ் பற்றியே ஆகும். தமிழாசிரியருக்கும் உலைக்களத்துக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவக்கூடும். சங்கப் புலவர்கள் கொல்லன் உலையையும் துருத்தியையும் நன்கு அறிந்திருந்தனர் என்பதை அவர்கட்கு விடையாகக் கூறி மேற்செல்வோம்.

அடுப்பில் எரியும் விறகின் வெப்பம் முழுதும் பானைக்குச் சேர்வதில்லை. பெரும்பகுதி புகையோடு வெளியேறி வானத்தில் கலந்துவிடுகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆலைகளிலும் இதுவே நிலை. நல்லன எனப் பெயர் பெற்ற நீராவி எந்திரங்களும் நிலக்கரி தந்த வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட வேலையாக மாற்றவில்லை. எஃகு உருக்கும் உலைகளில் இழப்பு இன்னும் மிகுதி. நிலக்கரி மலிவாகக் கிடைத்தமையால் ஆலை முதலாளிகள் இதனைப் பொருட்படுத்தவில்லை. இந்த இழப்பைக் கண்டு வாளா இராமல், அதனை மீட்பதையே நாற்பதாண்டுக் காலம் தம் வாழ்நாட் பணியாகக் கொண்டவர் வில்லியம்.

ஜெர்மனியின் ஹனோவர் நகரை அடுத்த லெந்தே என்னும் ஊரில் 1823-ஆம் ஆண்டு ஏப்ரல் 4-ஆம் நாள் அவர் பிறந்தார். இயற்பெயர் கார்ல் வில்ஹெல்ம். தந்தையார் குத்தகைக்கு நிலம் பயிரிட்டவர். மக்கள் பதினால்வர். 1839-இல் தாயாரும் அடுத்த ஆண்டே தந்தையாரும் மறைந்தனர். குடும்பப் பாரம் முழுதும் இராணுவத்தில் பீரங்கிப்படை அதிகாரியாயிருந்த மூத்தவர் வெர்னரின் தோள்களில் வீழ்ந்தது. தம்பியை மக்டெபர்க் நகருக்கு அழைத்துச் சென்று தொழிற்பள்ளியில் சேர்த்தவரும் அவரே. பள்ளியில் கணக்குப் பாடத்தை விடுத்து ஆங்கிலம் பயிலுமாறு தம்பியைப் பணித்த வெர்னர், அக்கணக்கினை விடியற்காலையில் தாமே கற்றுக்கொடுத்தார். பகலெல்லாம் பாசறைப் பணி இருந்தும் அதிகாலையில் எழுந்து தம்பிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த அந்த அண்ணனை நாம் எண்ணிப் பார்க்கின்றோம். தாய்தந்தையரை இழந்த குடும்பங்களில் மூத்தவர் தந்தையாக மாறுவது நம்மவர் பலரும் கண்ட காட்சியே அன்றோ?

கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் சிலகாலம் பயின்ற வில்லியம், பின்னர் மக்டெபர்க்கில் ஓர் எந்திரத் தொழிலகத்தில் பயிற்சி பெற்றார். 1843-இல், பத்தொன்பது வயது நிரம்பிய அவ்விளைஞர், மின்னாற்றலால் உலோகங்கட்கு முலாம் பூசும் அண்ணனின் புதுமுறையை விற்பதற்காக இலண்டன் மாநகரில் வந்து இறங்கினார். கையிருப்பு சொற்பம், அறிமுகமானவர் எவருமிலர். அவ்வேளை நிகழ்ந்த ஒரு வேடிக்கையைப் பிற்காலத்தில் அவரே மேடையில் கூறியிருக்கின்றார். புத்தாக்கங்களை ஏற்று நடத்தித் தருவோரைத் தேடித் தெருத்தெருவாய் அலைந்தவர், ஒரு கடையின் பெயர்ப்பலகையில் 'அண்டர்டேக்கர்' என்று எழுதியிருக்கக் கண்டார். மேற்கொண்டு செய்பவர் என்று அச்சொல்லைப் பிரித்துப் பொருள் கொண்டார். அவர் தாய்மொழியில் அதற்கு நேரான சொல் தொழில் முனைவோரையே குறிக்கும். உள்ளே நுழைந்த பின்னரே அது சவ அடக்கத்துக்கு ஏற்பாடு செய்யும் கடை என்பது தெரியவந்தது. அகராதிப் பொருளை மட்டும் நம்பி மொழியைக் கற்போர்க்கு நேரும் இடர் இது. வகுப்பறையில் இதனைச் சொன்னபோதெல்லாம் மாணவர் சிரித்ததுண்டு.

பர்மிங்காம் நகரின் எல்கிங்டன் நிறுவனத்தார் அம்முறையை 1600 பவுனுக்கு வாங்கிக்கொண்டனர். இந்த எளிய வெற்றி இளைஞருக்குத் தவறான நம்பிக்கையைத் தந்துவிட்டது என்றே நமக்குத் தோன்றுகின்றது. மறு ஆண்டு எந்திர வேகத்தைச் சீர்செய்யும் ஒரு கருவியோடு அவர் மீண்டும் வந்தார். அது பெயரைத் தந்ததேயன்றிப் பொருளைத் தரவில்லை. அடுத்து வந்த அச்சுமுறையும் அவ்வாறே. கடன் பெருகிற்று.

இந்நிலையில்தான் வெப்ப மீட்பு என்னும் கருத்து அவரைப் பற்றிக்கொண்டது. கருத்து அவருடையதன்று. ஸ்காத்லாந்து நாட்டுக் கிறித்தவ மதகுரு இராபர்ட் ஸ்டெர்லிங் என்பார் 1816-ஆம் ஆண்டிலேயே, எந்திரத்தைவிட்டு வெளியேறும் சூட்டினை இடையில் தேக்கிவைத்து மீண்டும் பயன்கொள்ளும் அமைப்பிற்குக் காப்புரிமை பெற்றிருந்தார். வில்லியம் அதனை நீராவி எந்திரத்துக்குப் பொருத்த முனைந்தார். 1847 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுகள் இம்முயற்சியில் கழிந்தன. 1850-இல் கலைக் கழகத்தின் தங்கப்பதக்கமும், பின்னர் வெப்பம் வேலையாக மாறுவதைப் பற்றி எழுதிய கட்டுரைக்காகக் கட்டடப் பொறியாளர் நிறுவனத்தின் டெல்ஃபோர்டு பதக்கமும் கிடைத்தன. ஆனால் எந்திரம் மட்டும் ஆலையில் நிலைத்து ஓட மறுத்தது. மிகைச்சூடேறிய நீராவி இரும்பு உறுப்புகளை அரித்துத் தின்றது. 1851-இல் அவர் செய்த தண்ணீர் அளவி ஒன்றே அந்நாளில் அவருக்குச் சோறு போட்டது. கொள்கையில் பிழையில்லை, அதனை இடக்கூடாத இடத்தில் இட்டதே பிழை. இதனை உணர அவருக்குப் பத்தாண்டு பிடித்தது.

உணர்த்தியவர் இன்னொரு சகோதரர். இளையவர் ஃபிரெடெரிக், அண்ணனிடம் உதவியாளராகப் பணிபுரிந்தவர். எந்திரத்தை விடுத்து உலையில் இதனை அமைத்தால் என்ன என்று 1856-இல் அவருக்குத் தோன்றிற்று. அவ்வாண்டின் இறுதியில் காப்புரிமையும் அவர் பெயரிலேயே எழுதப்பட்டது. புகழ் முழுதும் பிற்காலத்தில் வில்லியத்தைச் சென்று சேர்ந்தமையால் இதனை அழுத்திக் கூறுகின்றோம்.

உலை செயற்படும் விதத்தை நம்மூர்ப் பேக்கரி அடுப்பைக் கொண்டு விளக்கலாம். எம் இளமையில், தெருக்கோடியில் இருந்த ரொட்டிக்கடையில், செங்கல்லால் கட்டிய குகை போன்ற அடுப்பினுள் முதலில் விறகை எரிப்பார்கள். பின்னர்த் தணலை வாரி வெளியே தள்ளிவிட்டு மாவினை உள்ளே வைப்பார்கள். நெருப்பே இல்லாத அடுப்பில் ரொட்டி வேகும் விந்தையை வியந்து நோக்கியிருக்கின்றோம். செங்கல் உண்டு வைத்திருந்த சூடே ரொட்டியை வேகவைத்தது. ஃபிரெடெரிக் கண்ட உலையிலும் செங்கல்லே வெப்பத்தின் சேமக்கலம். உலையின் இருபுறமும் சந்துவிட்டு அடுக்கிய செங்கல் அறைகள் இருக்கும். உலையைவிட்டு வெளியேறும் அனற்புகை ஒருபுற அறைகளின் ஊடே சென்று, தன் சூட்டினைச் செங்கற்களிடம் ஒப்படைத்துவிட்டு, ஆறியபின் புகைபோக்கியை அடையும். சற்று நேரத்தில் அடைப்பினைத் திருப்புவார்கள். இப்போது வெளிக்காற்று அச்சூடேறிய அறைகளின் வழியே நுழைந்து, கொதிக்கும் காற்றாக உலையினுள் புகும். புகையோ மறுபுற அறைகளைச் சூடாக்கிக்கொண்டு வெளியேறும். இவ்வாறு மாறிமாறி நடைபெறும்.

இதில் மறைந்துள்ள நுட்பம் ஒன்றுண்டு. காற்று சூடாகவே நுழைவதால் நெருப்பு முன்னிலும் மிகுந்த வெம்மை பெறும். அதனால் வெளியேறும் புகையும் முன்னிலும் சூடாகும். அது செங்கல்லை மேலும் சுடும். அச்செங்கல் அடுத்த காற்றை மேலும் சுடும். ஆகவே இவ்வுலை எரிபொருளை மிச்சப்படுத்தியதோடு நில்லாது, அதுவரை எட்டவியலாத வெப்பநிலையையும் எட்டிற்று. எரிபொருளில் நூற்றுக்கு 70 முதல் 80 பங்கு வரை மிஞ்சிற்று என்பது அந்நாளையக் கணக்கு.

தொடக்கத்தில் ஓர் இடையூறு இருந்தது. நிலக்கரியை நேரே எரித்தபோது சாம்பலும் தூசும் செங்கல் சந்துகளை அடைத்துக்கொண்டன. வில்லியத்தின் பெரும்பங்கு இங்கேதான் தொடங்குகின்றது. நிலக்கரியைத் தனியே ஓரிடத்தில் வளிமமாக மாற்றி, அவ்வளிமத்தையும் காற்றோடு சூடாக்கி உலைக்கு அனுப்பும் முறையை 1861-இல் சகோதரர் இருவரும் நிலைநாட்டினர். பர்மிங்காமை அடுத்த சான்ஸ் சகோதரர்களின் கண்ணாடி ஆலையில் அவ்வுலை எழுந்தது. முதுமையுற்றிருந்த மைக்கேல் ஃபாரடே அதனை நேரிற் சென்று கண்டார். 1862 ஜூன் 20-ஆம் நாள் இராயல் நிறுவனத்தில் அவ்வுலையைப் பற்றியே உரையாற்றினார். அதுவே அம்மாமேதை அங்கு நிகழ்த்திய இறுதி வெள்ளி மாலைச் சொற்பொழிவு. வில்லியம் இராயல் கழகத்தின் உறுப்பினராகத் தேர்வு பெற்றதும் அவ்வாண்டிலேயாம்.

கண்ணாடியிலிருந்து எஃகுக்குச் செல்வோம். பெஸ்ஸெமர் முறையில் எஃகு நிமிடக் கணக்கில் உருவாகிவிடும். இடையில் நிறுத்திப் பதம் பார்க்க இயலாது. சீமென்ஸ் உலையிலோ பல மணி நேரம் உருகிய நிலையிலேயே வைத்திருந்து, சிறிது எடுத்துச் சோதித்து, வேண்டியதைச் சேர்க்கலாம். பழைய இரும்பையும் உருக்கலாம். பிரெஞ்சு நாட்டில் பியேர் எமில் மார்ட்டின் என்பார் 1864-இல் சீமென்ஸ் உலையிலேயே பழைய இரும்பையும் வார்ப்பிரும்பையும் சேர்த்து உருக்கி எஃகு கண்டார். நம் மாணவர் வேதியியல் நூல்களில் சீமென்ஸ்-மார்ட்டின் முறை என்றும் திறந்த உலை முறை என்றும் படித்தது இதுவே. மார்ட்டின் பின்னாளில் வறுமையில் வாடினார். எஃகு நிறுவனங்கள் நிதி திரட்டி உதவியது அவர்தம் முதுமையில்தான். வில்லியமும் வேல்ஸ் நாட்டின் லாண்டோர் என்னுமிடத்தில் 1869-இல் எஃகாலை நிறுவினார். பிரித்தானியக் கடற்படையின் முதல் எஃகுக் கப்பலாகிய ஐரிஸ் அவ்வாலையின் எஃகினால் கட்டப்பட்டதே. எனினும் அவ்வாலை அவருக்குப் பெருநட்டமே தந்தது. ஆய்வறிஞர் வணிகராகவும் வெல்வது அரிது போலும்.

தந்தித்துறையில் அவர் ஆற்றிய பணிகள் தனிநூலாக விரியும். இலண்டனையும் கல்கத்தாவையும் பாரசீகம் வழியே இணைத்த இந்தோ-ஐரோப்பியத் தந்திப்பாதை 1870-இல் திறக்கப்பட்டதில் சீமென்ஸ் சகோதரர்களின் பங்கு பெரிது என்பதை மட்டும் கூறி அமைவோம்.

1859-இல் ஆன் கார்டன் என்னும் அம்மையாரை மணந்தார். அவ்வாண்டே பிரித்தானியக் குடியுரிமையும் பெற்றார். மக்கட்பேறு இல்லை. டன்பிரிட்ஜ் வெல்ஸ் அருகே இருந்த அவர்தம் தோட்டமாளிகையில் நடந்தது சுவையானது. 1880-இல் ஒரு சிறு நீராவி எந்திரத்தால் மின்சாரம் உண்டாக்கி, இரவில் அவ்வொளியில் செடிகளை வளர்த்துப் பார்த்தார். எந்திரத்தினின்று வெளியேறிய ஆவியையும் அவர் வீணே விடவில்லை. செடிகள் நின்ற கண்ணாடி வீடுகளுக்கு வெம்மையூட்ட அதனைப் பயன்படுத்தினார். இலண்டன் மாநகரின் கரும்புகையைக் குறைக்க, வளிமமும் கற்கரியும் எரியும் வீட்டு அடுப்பு ஒன்றை அமைத்து, காப்புரிமை பெறாமலே பொதுமக்களுக்கு வழங்கினார். காப்புரிமையால் வாழ்ந்த ஒருவர் அவ்வாறு செய்ததை நாம் பெரிதாக மதிக்கின்றோம்.

நயாகரா அருவியின் ஆற்றல் வீணே போவதைக் கண்டவர், 1877-இல் இரும்பு எஃகு நிறுவனத்தின் தலைமையுரையில், அதனை மின்சாரமாக்கிச் செப்புக் கம்பி வழியே தொலைதூரம் கொண்டுசெல்லலாம் என்றார். கேட்டோர் பலர் நம்பவில்லை; அவர் மறைந்து பதின்மூன்று ஆண்டுகளில் பஃபலோ நகருக்கு நயாகராவின் மின்சாரம் சென்றது. ஆனால் எல்லாக் கணிப்பும் பலிக்கவில்லை. 1882-இல், கதிரவன் விண்வெளியில் இழக்கும் ஆற்றலின் பெரும்பகுதியை மீண்டும் தன்னிடமே ஈர்த்துக்கொள்கின்றது என்றொரு கொள்கையை வெளியிட்டார். வானநூலார் அதனை ஏற்கவில்லை, அது பிழையே. கதிரவனையும் தம் உலையாகவே அவர் கண்டுவிட்டார். ஒன்றையே வாழ்நாளெல்லாம் எண்ணியவர்க்கு உலகம் முழுதும் அதன் வடிவிலேயே தோன்றும் போலும். இலக்கிய ஆய்வு செய்யும் நமக்கும் இந்நோய் உண்டு.

1883 ஏப்ரலில் சர் பட்டம் பெற்றார். அவ்வாண்டு நவம்பர் 5-ஆம் நாள், கூட்டமொன்று முடிந்து நண்பரோடு வீடு திரும்புகையில் பிக்காடிலித் தெருவில் கால் இடறி வீழ்ந்தார். நெஞ்சுநோய் முற்றி நவம்பர் 19-ஆம் நாள் உயிர் நீத்தார். அகவை அறுபது. வெஸ்ட்மினிஸ்டர் பேராலயத்தில் இறுதி வழிபாடு நடந்தது. உடல் கென்சல் கிரீன் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டது.

ஜாம்ஷெட்பூரில் டாட்டா ஆலையின் முதல் எஃகு 1912-இல் திறந்த உலையிலிருந்தே வெளிவந்தது. அவ்வகை உலைகள் பின்னர் வேறு முறைகளுக்கு இடங்கொடுத்து உலகின் பெரும்பகுதியிலிருந்து மறைந்துவிட்டன. செங்கல் அறைகள் மறையவில்லை. கண்ணாடி உருக்கும் பெரிய ஆலைகளில் இன்றும் ஏறத்தாழ இருபது நிமிடத்துக்கு ஒருமுறை காற்றின் திசையைத் திருப்பிக்கொண்டிருக்கின்றார்கள்.