ஹாப்கின்

தொட்டியம், முசிறி, குளித்தலை என்று காவிரியின் இருமருங்கும் அமைந்த ஊர்களில் ஆற்றுநீரே நெடுங்காலம் குடிநீராகவும் குளிநீராகவும் பயன்பட்டது. வளம் தரும் அந்நீரே சில வேளைகளில் வாந்திபேதியையும் சுமந்துவரும். அந்நோய் புகுந்த வீட்டில் காலையில் நலமாக இருந்தவர் மாலையில் மாண்டுபோதலும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கொடுநோய்க்கும், அதனினும் கொடிய பிளேக்கு நோய்க்கும் தடுப்பு மருந்து ஆக்கி, அவற்றை இந்திய மக்களுக்கு வழங்கிய அறிஞர் வால்டெமார் ஹாப்கின் ஆவார். அவர் மருத்துவப் பட்டம் பெற்றவர் அல்லர்; விலங்கியல் பயின்றவர். மருத்துவர் நிறைந்த அரசுப் பணியில் அவர் அயலாராகவே இருந்தார்.

ஹாப்கின் 1860-ஆம் ஆண்டில், கருங்கடற்கரையிலுள்ள ஒடெசா நகரில் யூதர் குடும்பத்திற் பிறந்தார். அந்நாளில் அந்நகர் உருசியப் பேரரசின்கீழ் இருந்தது. அங்குள்ள பல்கலைக்கழகத்தில் மெச்னிகாவ் என்னும் பேராசிரியரிடம் அவர் கல்வி கற்றார். உடலிற் புகும் கிருமிகளை வெள்ளணுக்கள் சூழ்ந்து விழுங்குகின்றன என்று கண்டுரைத்தவர் அந்த மெச்னிகாவே. இன்று மருத்துவத் தேர்வுக்கு முயலும் மாணவர், நோயெதிர்ப்பியலில் தொடக்கத்திலேயே கற்கும் பாடங்களுள் இதுவும் ஒன்று.

ஒடெசாவில் யூதர்மீது கலகக்காரர் பாய்ந்தபோது, ஹாப்கின் தம் மக்களைக் காக்கும் அணியிற் சேர்ந்தார், காயமுற்றார், சிறையும் புகுந்தார். ஆசிரியரின் முயற்சியால் விடுதலை பெற்றார். மதம் மாற இசைந்திருந்தால் பல்கலைக்கழகத்திற் பதவி கிடைத்திருக்கும். அவர் இசையவில்லை. 1888-இல் நாட்டைவிட்டு நீங்கி, அடுத்த ஆண்டு பாரிசிலுள்ள பாஸ்டர் நிலையத்தை அடைந்தார். அங்குக் கிடைத்ததோ உதவி நூலகர் வேலை! அதனையும் மகிழ்ந்து ஏற்று, ஓய்ந்த நேரமெல்லாம் ஆய்வுக்கூடத்திற் கழித்தார்.

ஒரு முறை பெரியம்மை கண்டு பிழைத்தவரை அந்நோய் மீண்டும் அணுகுவது அரிது என்பதை நம் முன்னோரும் அறிந்திருந்தனர். உடல், தன்னுட் புகுந்த பகையை அடையாளம் கண்டு நினைவிற் கொள்கிறது. அப்பகை மறுமுறை வரும்போது விரைந்து எதிர்க்கிறது. ஆதலின், நோயை விளைக்காத வகையில் கிருமியை உடலுக்கு முன்னரே அறிமுகம் செய்துவிட்டால், உண்மையான நோய் வரும்பொழுது உடல் ஆயத்தமாக நிற்கும். ஹாப்கின் வாந்திபேதிக் கிருமிகளுள் ஒரு பகுதியைக் கினிப்பன்றிகளின் உடலில் மாறி மாறி வளர்த்து வலிமை மிகச் செய்தார். மற்றொரு பகுதியை மிகுந்த வெப்பத்தில் வளர்த்து வலிமை குன்றச் செய்தார். முதலில் வலிமை குன்றியதையும், சில நாள் கழித்து வலிமை மிக்கதையும் தோலின்கீழ்ச் செலுத்துவதே அவர் கண்ட முறை. 1892 சூலை 18-ஆம் நாள் அம்மருந்தைத் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். காய்ச்சல் கண்டது, வேறு தீங்கு நேரவில்லை.

1893-இல் அவர் கல்கத்தா வந்தார். அடுத்த ஆண்டு அந்நகரின் குடிசைப் பகுதி ஒன்றில் வாழ்ந்த ஏறத்தாழ 200 பேருள் 116 பேர் ஊசி குத்திக்கொண்டனர். பின்னர் அங்கு வாந்திபேதி கண்டவர் பதின்மர். அவர்களுள் எழுவர் இறந்தனர். அப்பதின்மரும் மருந்து ஏற்காதவர்களே. அம்மருந்து தந்த காப்பு நெடுங்காலம் நீடிக்கவில்லை என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று; எனினும், வழி திறந்தவர் அவரே.

1896-இல் பம்பாயிற் பிளேக்கு பரவியது. மக்கள் நகரைவிட்டு ஓடினர். அரசினர் ஹாப்கினை அழைத்து, கிராண்டு மருத்துவக் கல்லூரியில் ஓர் அறையும் தாழ்வாரமும், ஓர் எழுத்தரும், மூன்று ஏவலரும் தந்தனர். இறைச்சிச் சாற்றின்மேல் சில துளி நெய்யை மிதக்கவிட்டு அவர் கிருமிகளை வளர்த்தார். அவை நெய்த்துளிகளைப் பற்றிக்கொண்டு, ஆலமரத்து விழுதுகள்போல் கீழ்நோக்கி வளர்ந்தன. அவற்றை வெப்பத்தாற் கொன்று மருந்தாக்கினார். 1897 சனவரி 10-ஆம் நாள் இம்மருந்தையும் முதலில் தாமே ஏற்றார். பின்னர் பைகுல்லாச் சிறையில் விருப்பத்துடன் முன்வந்தோர்க்கு அளித்தார். ஊசி ஏற்றவர்களிடையே நோயும் சாவும் குறைந்தன.

1902 அக்டோபர் 30-ஆம் நாள் பஞ்சாபிலுள்ள முல்கோவால் என்னும் சிற்றூரில் 107 பேருக்கு ஊசி போடப்பட்டது. ஒரே புட்டியிலிருந்து மருந்து பெற்ற 19 பேர் இசிவுநோய் கண்டு இறந்தனர். அறியாத மக்கள் நம்பி நீட்டிய கைகள் அவை. பழி முழுவதும் ஆய்வுக்கூடத்தின்மேல் விழுந்தது. மருந்தில் கார்பாலிக்கு அமிலம் சேர்க்காமையே காரணம் என்று விசாரணையாளர் கருதினர். ஹாப்கின் பணியிலிருந்து விலக்கப்பட்டு இலண்டன் சென்றார். மற்றப் புட்டிகளின் மருந்தைப் பெற்ற 88 பேர் பிழைத்திருந்தமை எளிதிற் கண்ணிற்படும் சான்று. எனினும் அன்று அது வழக்கைத் தீர்க்கவில்லை.

புட்டியைத் திறந்த இடுக்கி அன்று தரையில் விழுந்தது என்பதும், அது செம்மையாகத் தூய்மை செய்யப்படவில்லை என்பதும் விசாரணைச் சான்றுகளிலேயே இருந்தன. மலேரியா ஆய்வாற் புகழ்பெற்ற ரொனால்டு ராசு முதலிய அறிஞர்கள் இதனை எடுத்துக்காட்டி, ஹாப்கினுக்காக வெளிப்படையாக வாதிட்டனர். 1907-இல் அரசு அவரைக் குற்றமற்றவர் என ஏற்றது. ஐந்தாண்டுகள் கழிந்திருந்தன. பம்பாயில் அவர் வகித்த பதவியில் வேறொருவர் அமர்ந்திருந்தார். ஆகவே அவர் கல்கத்தா சென்று, 1914-இல் ஓய்வு பெறும்வரை அங்கே பணிபுரிந்தார்.

பம்பாய் பரேலில் அவர் நிறுவிய ஆய்வுக்கூடத்துக்கு 1925-இல் ஹாப்கின் நிறுவனம் என்று பெயர் சூட்டினர். திருமணம் செய்துகொள்ளாது தனித்து வாழ்ந்த ஹாப்கின், 1930-ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்திலுள்ள லோசான் நகரில் காலமானார்.