பதினொரு விநாடிப் பயணம்

1871ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள். பாரிஸ் நகரின் துய்லரி பூங்காவில் அறிஞர் சிலர் கூடியிருந்தனர். பூங்காவை ஒட்டிய அரண்மனை மூன்று மாதங்களுக்கு முன்புதான் கலவரத்தில் தீக்கிரையாகியிருந்தது. கரி படிந்த அதன் சுவர்கள் மட்டுமே எஞ்சி நின்றன. கூடியிருந்தோரின் கண்களோ இருபத்தொரு வயது இளைஞர் ஒருவரின் கையிலிருந்த சிறு பொருள் மீது பதிந்திருந்தன. மெல்லிய குச்சி, இரண்டு இறக்கைகள், சிறிய வால், பின்புறத்தில் ஒரு சுழல்விசிறி, முறுக்கிய ரப்பர் இழை. அவ்வளவுதான். அதன் எடை 16 கிராம்.

இளைஞர் கையை விட்டார். விசிறி சுழன்றது. அச்சிறு விமானம் யாருடைய துணையுமின்றிக் காற்றில் நிலைகுலையாமல் பறந்தது. 11 விநாடிகளில் ஏறத்தாழ 40 மீட்டர் தூரத்தைக் கடந்து மெல்லத் தரையிறங்கியது. அந்த இளைஞரின் பெயர் அல்போன்ஸ் பெனோ.

பெனோ 1850ஆம் ஆண்டு பாரிசில் பிறந்தார். அவருடைய தந்தை கடற்படையில் உயர்ந்த பதவி வகித்தவர். மகனும் அதே வழியில் கடலுக்குச் செல்லவே விரும்பினார். ஆனால், இடுப்பெலும்பைத் தாக்கிய நோய் அவருடைய நடையை முடக்கியது. ஊன்றுகோலின் துணையோடு நடந்தவருக்குக் கடற்படையின் கதவு மூடிக்கொண்டது. கடல் கைவிட்டதும் பெனோவின் பார்வை வானத்தின் பக்கம் திரும்பியது.

அந்நாளில் பறக்கும் பொம்மைகளை இயக்க வில்லின் நாணையோ உலோகச் சுருளையோ பயன்படுத்தி வந்தனர். நாணின் விசை நொடிப்பொழுதில் தீர்ந்துவிடும். உலோகச் சுருளோ கனமானது. பெனோ 1870ஆம் ஆண்டில் ரப்பர் இழையை முறுக்கிப் பார்த்தார். இலேசான அந்த இழை, முறுக்க முறுக்க விசையைத் தன்னுள் சேர்த்துக்கொண்டது. கையை விட்டதும் அதனைச் சிறிது சிறிதாக வெளிப்படுத்தியது. அந்த விசையால் மேலெழும்பும் ஒரு சிறு பொம்மையை அவர் முதலில் செய்தார். அடுத்த ஆண்டில் இறக்கை பூட்டிய விமானத்தை உருவாக்கினார்.

பறப்பதைவிடக் கடினமானது, கவிழாமல் பறப்பது. பெனோ இதற்கு இரண்டு வழிகளைக் கண்டார். இறக்கைகளின் நுனிகளைச் சற்று மேல்நோக்கி வளைத்தார். இதனால், விமானம் ஒரு பக்கம் சாய்ந்தாலும் தானே நிமிர்ந்துகொண்டது. வாலை இறக்கையைவிடக் குறைந்த கோணத்தில் பொருத்தினார். மூக்கு தாழ்ந்து வேகம் கூடும்போது காற்று வாலைக் கீழே அழுத்தியது. மூக்கு மீண்டும் உயர்ந்தது. வேகம் குறைந்தால் அந்த அழுத்தமும் குறைந்து, மூக்கு தாழ்ந்தது. ஓட்டுநர் இல்லாத விமானம் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளக் கற்றது இவ்வாறுதான். இன்றும் மாதிரி விமானம் செய்வோர் இவ்விரு வழிகளையும் பின்பற்றுகின்றனர்.

பெனோவின் கனவு பொம்மையோடு முடியவில்லை. 1876ஆம் ஆண்டில், பால் கோஷோ என்பவருடன் சேர்ந்து, மனிதர் இருவர் ஏறிச் செல்லக்கூடிய விமானம் ஒன்றை வரைந்து காப்புரிமை பெற்றார். நீரிலும் நிலத்திலும் இறங்கும் அமைப்பு, உள்ளே மடங்கும் சக்கரங்கள், எதிரெதிர்த் திசைகளில் சுழலும் இரண்டு விசிறிகள், கண்ணாடி மூடிய ஓட்டுநர் இருக்கை, ஒரே கைப்பிடியில் இயங்கும் கட்டுப்பாடு ஆகியவை அவ்வரைபடத்தில் இருந்தன. பல ஆண்டுகளுக்குப் பின்னர் உண்மையான விமானங்களில் வந்தவற்றை அவர் தாளில் அன்றே வரைந்துவிட்டார். ஆனால், அதனைத் தூக்கிச் செல்லும் அளவுக்கு இலேசான இயந்திரம் அக்காலத்தில் இல்லை. பொருளுதவி நாடியும் கிடைக்கவில்லை. நோயும் ஏமாற்றமும் அவருடைய மனத்தைத் தளர்த்தின. 1880ஆம் ஆண்டு அக்டோபரில், முப்பதாவது வயதில், பெனோ மறைந்தார். அவர் வரைந்த விமானம் தாளைவிட்டு எழவே இல்லை.

எனினும், அவருடைய சிறு பொம்மை கடல் கடந்து சென்றிருந்தது. 1878ஆம் ஆண்டில், அமெரிக்காவில் பாதிரியார் ஒருவர் தம் பிள்ளைகளுக்குப் பெனோவின் முறையில் அமைந்த ரப்பர் விசைப் பொம்மை ஒன்றை வாங்கி வந்தார். பதினொரு வயது வில்பரும் ஏழு வயது ஆர்வில்லும் அது உடையும்வரை பறக்கவிட்டனர். உடைந்த பிறகு தாங்களே புதிதாகச் செய்தனர். அந்தச் சிறுவர்கள்தாம் பின்னாளில் ரைட் சகோதரர்கள் எனப் புகழ்பெற்றனர். ஆர்வில் பிறந்தது 1871ஆம் ஆண்டு ஆகஸ்டு 19ஆம் நாள்; துய்லரி பூங்காவில் பெனோவின் விமானம் பறந்ததற்கு மறுநாள்! 1903ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள், அவர் ஓட்டிய முதல் விமானம் 12 விநாடிகளில் ஏறத்தாழ 37 மீட்டர் பறந்தது. பெனோவின் பொம்மை சென்ற தூரமும் கிட்டத்தட்ட அதுவே.

இக்கதையில் நம் பேராக் மாநிலத்திற்கும் ஓர் உறவு உண்டு. பெனோ முறுக்கிய ரப்பர், காட்டு மரங்களில் வடிந்த பாலிலிருந்து கிடைத்தது. அவர் காப்புரிமை பெற்ற அதே 1876ஆம் ஆண்டில்தான் பிரேசில் நாட்டு ரப்பர் விதைகள் இலண்டனுக்குக் கொண்டு செல்லப்பட்டன. மறு ஆண்டில் அவற்றின் கன்றுகள் சிங்கப்பூர் வழியாக வந்து கோலகங்சாரில் நடப்பட்டன. பின்னாளில் பேராக் எங்கும் தோட்டங்கள் பெருகின. விடியலுக்கு முன்பே விளக்கோடும் உளியோடும் நிரைக்குச் சென்று பால் வெட்டிய நம் முன்னோரின் உழைப்பு உலகெங்கும் சென்றது. இன்று அத்தோட்டங்களில் பல, செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன.

ஈப்போவில் ஒரு மாணவர் இன்று மாதிரி விமானம் செய்ய விரும்பினால் அதிகப் பொருள் தேவையில்லை. இலேசான பால்சா மரத்தகடு, மெல்லிய தாள், பசை, ரப்பர் இழை ஆகியவை போதும். தகட்டைக் கூர்மையான கத்தியால் வெட்டி, உப்புத்தாளால் தேய்த்து, இறக்கையை இரு பக்கமும் ஒரே எடையாக அமைக்க வேண்டும். முதல் முயற்சியில் விமானம் தலைகுப்புற விழலாம். மூக்கு கனத்தால் வாலையும், வால் கனத்தால் மூக்கையும் சிறிது களிமண் ஒட்டிச் சரிசெய்யலாம். காற்றடங்கிய காலை வேளையில் பள்ளித் திடலில் அதனைப் பறக்கவிடலாம்.

அது சில விநாடிகளே பறக்கும். பெனோவின் விமானமும் அப்படித்தான். நடக்கவே துன்பப்பட்ட ஒருவர் முறுக்கிவிட்ட விசை அது. அவர் காணாத வானத்தில், இன்னும் விமானங்கள் பறந்துகொண்டிருக்கின்றன.