தீவுக்கு எழுத்தறிவித்த லாரா டவுன் அம்மையார்

பள்ளிக்கூடம் ஒன்றைத் திறப்பது நற்செயல். திறந்த பள்ளியை மூடவிடாமல் காப்பது அதனினும் அரிய செயல். இவ்விரண்டையும் செய்து காட்டிய பெண்மணி ஒருவரின் வாழ்க்கையைத் தோழியருக்கு எடுத்துக்கூற விரும்புகிறோம். அவரே அமெரிக்க நாட்டின் லாரா மட்டில்டா டவுன் அம்மையார்.

இளமைப் பருவம்

லாரா டவுன் 1825ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் நாள், அமெரிக்காவின் வடபகுதியிலுள்ள பிட்ஸ்பர்க் நகரில் பிறந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்தார். பின்னர் பாஸ்டன் நகரிலும் பிலடெல்பியா நகரிலும் வளர்ந்து, ஓமியோபதி மருத்துவம் பயின்றார். பிலடெல்பியாவில் வில்லியம் பர்னஸ் என்னும் போதகர் அடிமை முறையைக் கண்டித்து ஆற்றிய சொற்பொழிவுகள் அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தன. மனிதரை மனிதர் விலைக்கு வாங்கி விற்கும் கொடுமை ஒழிய வேண்டும் என்ற எண்ணம் அவருள் வேரூன்றியது.

தீவின் நிலை

அக்காலத்தில் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் பருத்தித் தோட்டங்களில் உழைத்தவர்கள் ஆப்பிரிக்க வழிவந்த அடிமைகள். உழைப்பு அவர்களுடையது, விளைச்சல் எசமானருடையது. எழுத்தறிவும் அவர்களுக்கு மறுக்கப்பட்டது. தென் கரோலினா மாநிலத்தின் 1834ஆம் ஆண்டுச் சட்டப்படி, அடிமைக்கு எழுதப் படிக்கக் கற்பிப்பது குற்றம். கற்பித்தவர் வெள்ளையரானால் அபராதமும் சிறையும் உண்டு. அடிமையே கற்பித்தால் 50 கசையடி வரை கிடைக்கும்.

1861ஆம் ஆண்டு வடக்குக்கும் தெற்குக்கும் உள்நாட்டுப் போர் மூண்டது. அவ்வாண்டு நவம்பர் 7ஆம் நாள் வடவர் கடற்படை தென் கரோலினாவின் போர்ட் ராயல் கடற்பகுதியைக் கைப்பற்றியது. அங்குள்ள தீவுகளின் தோட்ட முதலாளிகள் வீடுவாசலைப் போட்டது போட்டபடி விட்டு ஓடினர். ஏறத்தாழ 10,000 அடிமைகள் அத்தீவுகளிலேயே தங்கிவிட்டனர். அவர்களை ஏவ எசமானர் இல்லை. ஆயினும் சட்டப்படி விடுதலையும் இன்னும் வரவில்லை. அவர்களுக்கு உதவும்படி வடநாட்டு நகரங்களில் அழைப்பு எழுந்தது. ஆசிரியர்களாகப் புறப்பட்டவர்களுள் பெண்கள் பலர் இருந்தனர்.

பள்ளியின் தோற்றம்

லாரா அம்மையார் 1862ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அப்பகுதிக்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 36. செயின்ட் ஹெலினா என்னும் தீவு அவருடைய பணிக்களமாயிற்று. துணிமணிகளை வழங்குவதும் நோயாளிகளுக்கு மருந்து கொடுப்பதும் அவருடைய முதற்பணிகள். அம்மை நோய் பரவியபோதும் அவர் அஞ்சி ஒதுங்கவில்லை.

அவ்வாண்டு ஜூன் மாதம் எலன் மரி என்னும் தோழி அவருடன் வந்து சேர்ந்தார். ஓக்ஸ் என்ற தோட்ட வீட்டின் பின்னறையில் வகுப்பு தொடங்கியது. முதலில் வந்தவர்கள் வளர்ந்த ஆடவரும் பெண்டிருமாக 9 பேர். நேற்றுவரை கசையடிக்குரிய குற்றமாயிருந்த எழுத்துகளை, இன்று விரலால் தொட்டுத் தொட்டுப் படித்த அவர்களின் மகிழ்ச்சியை நாம் நினைத்துப் பார்க்கலாம்.

மாணவர் தொகை பெருகவே, அதே ஆண்டில் பள்ளி அருகிலிருந்த செங்கல் ஆலயத்துக்கு மாறியது. இந்த ஆலயத்தின் வரலாறு வியப்பானது. 1855ஆம் ஆண்டு தோட்ட முதலாளிகளுக்காக அடிமைகளே செங்கல் அடுக்கிக் கட்டிய கோயில் அது. கட்டியவர்களுக்கோ மேல்மாடத்தில்தான் இடம். இப்போது அவர்களின் பிள்ளைகள் கீழே அமர்ந்து பாடம் படித்தார்கள்!

அக்டோபர் மாதம் மூன்றாவது ஆசிரியை வந்தார். அவர் சார்லட் போர்ட்டன். பிலடெல்பியாவில் விடுதலை பெற்ற கருப்பினக் குடும்பத்தில் பிறந்து, நன்கு கற்றவர். தம்மைப் போன்ற நிறமுடைய ஆசிரியை ஒருவரைக் கண்டது பிள்ளைகளுக்கு எத்தனை ஊக்கம் தந்திருக்கும்! அவர் 1864 வரை அங்கே பணியாற்றி, தம் அனுபவங்களை அட்லாண்டிக் மன்த்லி இதழில் எழுதினார்.

பாடம் சொல்வது எளிதாக இல்லை. ஆங்கிலமும் ஆப்பிரிக்க மொழிகளும் கலந்து பிறந்த குல்லா என்பதே தீவினரின் பேச்சுமொழி. பாடநூல்களோ வடநாட்டு ஆங்கிலத்தில் இருந்தன. வீட்டில் ஒரு மொழியும் வகுப்பில் ஒரு மொழியுமாகப் படிப்பதன் சிரமம் நம்மில் பலருக்குத் தெரிந்ததே. ஆசிரியைகளும் அம்மக்களின் பேச்சைக் கேட்டுக் கேட்டுப் பழகிக்கொள்ள வேண்டியிருந்தது.

1863ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் ஆபிரகாம் லிங்கனின் விடுதலைப் பிரகடனம் நடைமுறைக்கு வந்தது. பின்னர் பிலடெல்பியாவிலிருந்த உதவிச் சங்கத்தார், பகுதி பகுதியாகச் செய்யப்பட்ட மரக் கட்டடம் ஒன்றைக் கப்பலில் அனுப்பினர். அது செங்கல் ஆலயத்துக்கு எதிரே எழுப்பப்பட்டது. மணியும் கட்டப்பட்டது. பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென்னின் நினைவாகப் பென் பள்ளி என்று பெயரிட்டனர்.

சோதனைக் காலம்

போர் 1865இல் முடிந்தது. வந்தவர்களுள் பலர் ஊர் திரும்பினர். ஆண்டுகள் செல்லச் செல்ல வடநாட்டாரின் ஆர்வம் தணிந்தது. உதவிச் சங்கங்களும் ஒவ்வொன்றாகக் குறைந்தன. 1877இல் தெற்கிலிருந்த வடவர் படைகளின் காவலும் முடிவுற்றது. கருப்பின மக்களின் உரிமைகள் மீண்டும் பறிக்கப்பட்டன. பல இடங்களில் பள்ளிகள் நலிந்தன.

லாரா அம்மையாரோ திரும்பவில்லை. பல ஆண்டுகள் ஊதியமின்றி, சொந்தப் பணத்தைக் கொண்டும் நண்பர்களின் உதவி கொண்டும் பள்ளியை நடத்தினார். தீவினருக்கு வயல்வேலை தெரிந்தால் போதும் என்று அவர் எண்ணவில்லை. வாசிப்பு, கணக்கு, பூகோளம், சரித்திரம் என்று வடநாட்டுப் பிள்ளைகள் கற்ற பாடங்களையே இவர்களுக்கும் கற்பித்தார். தீவின் பிள்ளைகளே ஆசிரியராகும்படி பயிற்சியும் அளித்தார். 1893ஆம் ஆண்டு ஆகஸ்டில் வீசிய கடும்புயல் அக்கடற்கரைப் பகுதியில் ஏறத்தாழ 2,000 பேரைப் பலிகொண்டது. அதன் பின்னும் பள்ளி நிலைத்து நின்றது.

மறைவு

1901ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள், அத்தீவிலிருந்த தம் இல்லத்தில் அம்மையார் காலமானார். அவர் உடலைக் கோவேறு கழுதை பூட்டிய எளிய வண்டியில் ஏற்றினர். நூற்றுக்கணக்கான தீவு மக்கள் தங்கள் ஞானப்பாடல்களைப் பாடிக்கொண்டே படகுத்துறை வரை பின்தொடர்ந்தனர். அவருடைய தோழி எலன் மரியும் தம் இறுதிவரை அத்தீவிலேயே வாழ்ந்து 1908இல் மறைந்தார்.

பென் பள்ளி 1948 வரை நடைபெற்றது. பின்னர் பென் மையம் என்ற பெயரில் சமூகப் பணிக்கூடமாயிற்று. 1960களில் மார்ட்டின் லூதர் கிங்கும் தோழர்களும் உரிமைப் போராட்டத்துக்குத் திட்டமிட அங்கே கூடினர்.

முடிவுரை

அன்புத் தோழியரே, அத்தீவு மக்களுக்குக் கல்வித் தாகத்தை அம்மையார் உண்டாக்கவில்லை. தடைச் சட்டத்தாலும் அணையாத தாகம் அவர்களிடம் முன்பே இருந்தது. அம்மையார் செய்ததெல்லாம், வாசற்கதவைத் திறந்து, அது மீண்டும் மூடிக்கொள்ளாதபடி ஏறத்தாழ 39 ஆண்டுகள் கதவருகே நின்றதுதான். ஆர்வத்தில் தொடங்குவோர் பலர். கைதட்டல் ஓய்ந்த பின்பும் தொடர்வோர் சிலரே. நாமும் எடுத்த நற்செயலை நடுவில் விடாத அச்சிலருள் ஒருவராக இருக்க முயல்வோம்.