கை வேலைக்கு விலை கேட்ட கமலாதேவி

ராஜபாளையத்தை அடுத்த தளவாய்புரத்தில் பல வீடுகளில் தையல் மிஷின் ஓடும் சத்தம் கேட்கும். அடுப்படி வேலை முடிந்ததும் பெண்கள் நைட்டி தைக்க உட்கார்ந்துவிடுவார்கள். பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூரிலோ, பூத்தொடுக்கும் விரல்களுக்கு ஆண்டாள் காலந்தொட்டே பெருமை உண்டு. பொழுதுபோக்காகக் கற்ற கை வேலை குடும்பத்துக்கு நாலு காசு கொண்டுவருவது இன்று யாருக்கும் அதிசயமல்ல. ஆனால், வீட்டில் இருந்தபடி வேலை செய்பவளும் தொழிலாளிதான், அவள் கைப்பொருளுக்கு நியாயமான விலை வேண்டும் என்பதை நாடு ஒப்புக்கொள்ள நெடுநாள் ஆயிற்று. அதற்காக உழைத்தவர்களில் முக்கியமானவர் கமலாதேவி சட்டோபாத்யாயா.

தாய் பட்ட பாடு

1903-ம் ஆண்டு ஏப்ரல் 3-ந் தேதி மங்களூரில் பிறந்தவர் கமலாதேவி. தந்தை கலெக்டர் உத்தியோகம் பார்த்தவர். வசதிக்குக் குறைவில்லை. ஆனால், மகளுக்கு ஏழு வயதாகும்போது அவர் உயில் எழுதாமலே காலமானார். சொத்து முழுவதும் மூத்த தாரத்து மகனுக்குப் போயிற்று. தாய் கிரிஜாபாய்க்கு மாதப்படி தருவதாகச் சொன்னார்கள். மானமுள்ள அந்த அம்மாள் அதை மறுத்துவிட்டார். தம் சீதனத்தைக் கொண்டே குடும்பத்தை நடத்தினார். தனக்கென்று வருமானம் இல்லாத பெண்ணின் கதி என்ன என்பதைக் கமலாதேவி தம் வீட்டிலேயே கண்டார்.

பதினான்கு வயதில் கல்யாணம். இரண்டே ஆண்டுகளில் கணவர் இறந்தார். இளம் விதவைகள் மூலையில் முடங்கிய காலம் அது. கமலாதேவியோ சென்னை ராணி மேரிக் கல்லூரியில் சேர்ந்து படித்தார். சரோஜினி தேவியாரின் தம்பி ஹரீந்திரநாத்தை மறுமணம் செய்துகொண்டார். 1926-ல் சென்னை சட்டசபைத் தேர்தலில் துணிந்து நின்று, சொற்ப ஓட்டு வித்தியாசத்தில் தோற்றார். 1930-ல் உப்பு சத்தியாக்கிரகத்தில் குதித்தார். பம்பாயில் உப்புப் பொட்டலம் விற்றுச் சிறை சென்றார்.

அகதிகளின் துணைவி

தேசப் பிரிவினையின்போது வீடும் நிலமும் இழந்து லட்சக்கணக்கானோர் டில்லிப் பக்கம் வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கு இலவசச் சோறு மட்டும் போதாது, சொந்தக் காலில் நிற்க வழி வேண்டும் என்று அம்மையார் கருதினார். 1948-ல் இந்தியக் கூட்டுறவு யூனியனைத் தொடங்கினார். பரீதாபாத்தில் அகதிகளுக்குப் புதிய நகரம் எழுந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

1952-ல் அகில இந்தியக் கைத்தொழில் போர்டு அமைந்தது. அதன் தலைவியாக அவர் நெடுங்காலம் தொண்டாற்றினார். ஊர் ஊராகச் சென்றார். மறைந்துகொண்டிருந்த வேலைப்பாடுகளைத் தேடி எடுத்தார். காளஹஸ்தியின் கலம்காரிச் சித்திரத் துணிக்குப் புத்துயிர் கிடைத்ததும் அவர் முயற்சியால்தான். டில்லியில் இருந்த மத்திய குடிசைத் தொழில் விற்பனைச் சாலையைக் கூட்டுறவு யூனியன் ஏற்று நடத்தியது. கிராமத்துக் கைப்பொருள் பட்டணத்துக் கடையில் கௌரவமாக ஏறி உட்கார்ந்தது.

செய்யத் தெரிந்தவருக்கு விற்கத் தெரியாது. விற்கத் தெரிந்தவர் லாபத்தைத் தாமே எடுத்துக்கொள்வார். கைத்தொழிலின் பழைய நோய் இது. செய்பவர்களே சங்கமாகச் சேர்வதுதான் இதற்கு அம்மையார் கண்ட மருந்து. 1964-ல் அவர் நிறுவிய இந்தியக் கைவினைக் கவுன்சில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது. 1966-ல் மகசேசே விருது அவரைத் தேடி வந்தது. 1988 அக்டோபர் 29-ந் தேதி பம்பாயில் காலமானார்.

இன்று தையல் மிஷினும் இருக்கிறது. பொருளை வாங்க ஆளும் இருக்கிறது. ஆனால், உருப்படிக்கு இவ்வளவு கூலி என்று நிர்ணயிப்பது யார்? தைக்கிறவளா, துணி கொடுக்கிறவரா? தைக்கிறவள் சொல்லும் விலை செல்லுபடியாகும் நாளில்தான் கமலாதேவியின் உழைப்பு முழுப் பலன் தரும்.