மகுடத்துக்கு மண்டியிடாத மதகுரு

பகுத்தறிவு பேசும் நாம் ஒரு பிஷப்பின் கதையைச் சொல்வானேன் என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். கேட்கட்டும்! கதையையும் கேட்கட்டும்!

ஆஸ்திரியப் பேரரசின் பிடியிலே குரோஷியா இருந்த காலம். 1815-ல் ஒசியெக் நகரில், குதிரை வாணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார் யோசிப் ஸ்ட்ராஸ்மயர். பெயர் ஜெர்மானியப் பெயர். முன்னோர் ஆஸ்திரியாவிலிருந்து வந்தவர்கள். எனினும், பிறந்த மண்ணின் மொழியையே தம் மொழியாகக் கொண்டார். வியன்னா அரண்மனைக் கோயிலில் குருவாக இருந்தவர், 1849-ல் ஜாக்கோவோ நகரின் பிஷப்பாக நியமிக்கப்பட்டார்.

அரண்மனை தந்த பதவி! காடும் கழனியுமாய்க் கொழித்த சொத்து! ஆமாம்சாமி போட்டே ஆயுளைக் கழித்திருக்கலாம். கழித்தாரா? இல்லை!

1850-களில் குரோஷியாவின் அலுவலகங்களிலும் உயர்பள்ளிகளிலும் ஜெர்மன் மொழி ஏற்றப்பட்டது. ஊரார் மொழி உழவுக்கும் சந்தைக்கும் போதுமென எண்ணிற்று ஆதிக்கம். ஸ்ட்ராஸ்மயர் பேசினார், பேச்சோடு நிற்கவில்லை, பணப்பெட்டியையும் திறந்தார். 1860-ல், தென் ஸ்லாவியர்க்கு ஓர் அறிவுக் கழகம் காண 50,000 புளோரின் தந்தார். அடுத்த ஆண்டு, ஜாக்ரெப் சட்டசபையிலே பல்கலைக் கழகம் கேட்டார். அதற்கும் 50,000 தந்தார். கழகம் 1866-ல் அமைந்தது. பல்கலைக் கழகத்துக்கோ 13 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. 1874-ல் கதவு திறந்தது. தாம் திரட்டிய ஓவியங்களையும் கழகத்துக்கே ஈந்தார். 1884-ல் அவை மக்கள் காணும் கூடமாயின.

1869-70-ல் ரோமாபுரியிலே திருச்சபைப் பேரவை கூடிற்று. கோட்பாடு அறிவிக்கையில் போப்பாண்டவர் தவறார் என விதி செய்ய முனைந்தபோது, எதிர்த்தவர்களின் முன்னணியில் நின்றார். புராட்டஸ்டண்டுகளைப் பழிக்கலாகாது என்றும் வாதாடினார். எழுந்தது கூச்சல், பேச்சு தடைப்பட்டது. ஈராண்டுக்குப் பின் சபையின் முடிவை ஏற்றார். ஆயினும், பேச வேண்டிய நேரத்தில் வாய்மூடி இருக்கவில்லை.

1888-ல், ருஷ்யர் கிறித்துவம் தழுவிய 900-ஆம் ஆண்டு விழா கீவ் நகரில் நடந்தது. வாழ்த்துத் தந்தி அனுப்பினார். ருஷ்யாவை ஐயுற்ற ஆஸ்திரியா சீறிற்று. பேரரசன் பிரான்சு ஜோசப், பியெலோவார் நகரிலே அவரை நேரில் கடிந்தான். பிஷப் தலை குனிந்தாரா? தம் மனச்சாட்சி மாசற்றது என்று மறுமொழி தந்து நிமிர்ந்து நின்றார்!

கார்டினல் பட்டம் அவரை நாடி வரவில்லை. 1905-ல், 90-ஆம் வயதில், ஜாக்கோவோ பிஷப்பாகவே மறைந்தார். 1918-ல் பேரரசு சிதறிற்று. அவர் கண்ட கழகமும் பல்கலைக் கழகமும் இன்றும் நிற்கின்றன. குரோஷிய மொழி அங்கே கோலோச்சுகிறது.

அவர் மதம் நமக்கு உடன்பாடன்று. அவர் மனம் உடன்பாடு. சொத்துக் குவியலின்மீது அமர்ந்திருக்கும் சமயத் தலைவர்களே, நீங்கள் திறந்த பள்ளி எது? மக்கள் மொழிக்குத் தந்த பொருள் எவ்வளவு?